‘அன்லிமிட்டட்’ என்ற சொல்லும் ஓர் உம்மாவின் தூக்கமும்

சென்ற மாதம் பெண்களுக்கான வாராந்த வகுப்பு முடிந்து எல்லோரும் கலைந்து சென்ற பிறகு, திரைக்கு அப்பால் ஓர் உம்மா மட்டும் தங்கி நின்றார்.

“ஹஸரத், ஒரு மஸ்அலா கேக்கணும். சின்ன விஷயம்தான். ஆனா ரெண்டு கிழமையா எனக்குத் தூக்கமில்ல” என்றார்.

இப்படித் தனியாக நின்று கேட்கப்படுபவை பெரும்பாலும் தலாக், வாரிசுரிமை, நகைக்குரிய ஸகாத் போன்றவையாகவே இருக்கும். அப்படி ஏதோ ஒன்று என்றே நானும் எண்ணினேன். அவர் கேட்டதோ இணைய டேட்டாவைப் பற்றி.

கணவர் கட்டாரில் தொழில் செய்கிறார். வீட்டில் மூன்று பிள்ளைகள். மூத்த மகன் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். மகள் தரம் 8. கடைக்குட்டிக்கு ஐந்து வயது. வீட்டில் முன்னர் இருந்த பெக்கேஜில் பாதி டேட்டா பகலுக்கும் பாதி டேட்டா நள்ளிரவு 12 மணிக்குப் பிறகும் என்று இருந்ததாம். பகல் பங்கு மாத நடுவிலேயே முடிந்துவிடும். இரவுப் பங்கு அப்படியே கிடக்கும். அதைப் ‘பாழாக்கக் கூடாது’ என்று மகன் 12 மணிக்கு அலாரம் வைத்து எழும்பத் தொடங்கினான். 2 மணி, 3 மணி வரை வீடியோ, விளையாட்டு. பின்னர் ஸுபஹுக்கு எழுப்பினால் கட்டிலில் இருந்து பிணம் போல் எழுந்து, தொழுகையையும் விட்டு, பாடசாலையில் போய் மேசையில் தலைசாய்த்துத் தூங்கினான்.

இந்த நிலையை மாற்றத்தான் அந்த உம்மா, கையில் இருந்த கொஞ்சப் பணத்தையும் சேர்த்து, ‘அன்லிமிட்டட்’ பெக்கேஜுக்கு மாறினார். பகல், இரவு என்ற பிரிவு இல்லை, அளவும் இல்லை, எனவே பிள்ளை இரவில் விழித்திருக்கக் காரணமும் இல்லை என்பது அவருடைய கணக்கு. நல்ல கணக்குத்தான்.

பன்னிரண்டாம் நாள் இரவு கணவருடன் வட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருக்கும்போது திரையில் அவருடைய முகம் உறைந்து நின்றது. குரல் துண்டு துண்டாக வந்தது. மறுநாளும் அப்படியே. பெக்கேஜ் வாங்கிய கடையில் விசாரித்தால், அங்கிருந்த பையன், “நீங்க கூடப் பாவிச்சிருக்கீங்க, அதுதான் ஸ்பீட் குறைஞ்சிருக்கு” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான்.

அந்த வார்த்தையோடு அவர் வீட்டுக்கு வந்தார். அளவே இல்லாத ஒன்று எப்படி முடியும்? முடிந்தது என்றால் யாரோ ஒருவர் அளவுக்கு மீறி எடுத்திருக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. மகனைக் கூப்பிட்டார். “வல்லாஹி, நான் இல்ல உம்மா” என்று அவன் சத்தியம் பண்ணினான். “வாப்பா வெயில்ல காய்ஞ்சி அனுப்புற காசத் திண்டுட்டு, அல்லாஹ்ட பேரால பொய்ச் சத்தியமும் பண்றியா?” என்று கேட்டு, கன்னத்தில் ஒன்று போட்டு, போனையும் பறித்து அலுமாரியில் வைத்துப் பூட்டினார். அன்றிலிருந்து மகன் அவரோடு பேசுவது ‘ஓம்’, ‘இல்ல’ இரண்டோடு நின்றுபோனது.

“ஹஸரத், அவன் உண்மையாவே எடுக்காம இருந்தா நான் என்ன செய்யணும்?” என்பதுதான் அவருடைய மஸ்அலா.

நான் உடனே பதில் சொல்லவில்லை. தீர்ப்புக்கு முன்னால் விபரம் தெரிய வேண்டும். எங்கள் அரபுக் கல்லூரியில் ஹிப்ழ் முடித்த மாணவர் ஒருவர் இப்போது தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறார். அந்த ரவுட்டரையும் பெக்கேஜ் விபரத்தையும் அவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். ஒரு மணித்தியாலத்தில் விடயம் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த ‘அன்லிமிட்டட்’ பெக்கேஜின் நிபந்தனைகளில், ஆங்கிலத்தில், பல பந்திகளுக்குக் கீழே, 60 ஜீபீ பாவித்த பின்னர் ‘நியாயமான பாவனைக் கொள்கை’யின்படி வேகம் குறைக்கப்படும் என்று எழுதப்பட்டிருந்தது. எந்தச் சாதனம் எவ்வளவு எடுத்தது என்று ரவுட்டரிலேயே பார்க்கலாம். மகனின் போன் மூன்றாம் இடத்தில் இருந்தது. முதலிடத்தில் இருந்தது வரவேற்பறையில் தொங்கும் டீவி. கடைக்குட்டி சோறு தின்பதற்காக உம்மாவே போட்டுக்கொடுத்த கார்ட்டூன்!

நம்மில் பலருக்கு டீவியும் இணையத்தைக் குடிக்கிறது என்ற எண்ணமே வருவதில்லை. போன்தான் குடிக்கிறது என்று நினைக்கிறோம். தெளிவு கூடிய எச்டி தரத்தில் ஒரு மணித்தியாலம் படம் ஓடினால் 3 ஜீபீ வரை செலவாகும் என்று நெட்பிளிக்ஸ் நிறுவனமே தன் பாவனையாளர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறது. நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம் அந்த அளவில் ஓடினால் 10 நாளில் 60 ஜீபீ. பிள்ளை வாயைத் திறந்து நாலு கவளம் சோறு தின்றதற்கான விலை அது. படத்தின் தரத்தை டீவியிலேயே குறைத்து வைத்தால் செலவு மூன்றில் ஒன்றாகிவிடும். சின்னப் பிள்ளைக்குப் பூனை பூனையாகவே தெரியும்.

சரி, இந்த ‘நியாயமான பாவனைக் கொள்கை’ என்பது என்ன? இதைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஏனெனில் கம்பனிகள் சொல்லும் காரணம் முழுதும் பொய்யல்ல.

தொலைபேசிக் கோபுரம் ஒன்று, தனக்குத் தரப்பட்ட வானொலி அலைவரிசையைத் தன்னோடு தொடர்பில் இருக்கும் அத்தனை பேருக்கும் பங்கிட்டே கொடுக்கிறது. நம் ஊர்களில் மாலை நேரத்தில் எல்லா வீட்டுப் பைப்புகளும் ஒரே நேரத்தில் திறக்கப்படும்போது கடைசி வீட்டில் தண்ணீர் நூலாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். கோபுரத்தின் நிலையும் அதுதான். ஒரு வீட்டார் இரவு பகலாகப் படம் இறக்கிக்கொண்டிருந்தால் பக்கத்து வீட்டாரின் அவசர அழைப்பும் தடங்கும். நள்ளிரவில் எல்லோரும் தூங்குவதால் அலைவரிசை சும்மா கிடக்கிறது. அந்தச் சும்மா கிடப்பதைத்தான் ‘இரவு டேட்டா’ என்று பொட்டலம் கட்டித் தருகிறார்கள். ஆகவே ஓர் எல்லை வைப்பதில் தவறில்லை. எல்லை இல்லாமல் இந்தப் பண்டத்தை எவராலும் கொடுக்கவும் முடியாது.

குறைக்கப்பட்ட வேகம் என்பதையும் கணக்கிட்டுப் பாருங்கள். செக்கனுக்கு 128 கிலோபிட் என்ற வேகத்துக்கு இறக்கிவிட்டால் ஒரு ஜீபீயை இறக்க 17 மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். அந்த வேகத்தில் 30 நாளும், ஒரு கணமும் நிறுத்தாமல், இரவு பகலாக இறக்கினாலும் சுமார் 41 ஜீபீக்கு மேல் எடுக்க முடியாது. அதாவது வேகத்துக்கு எல்லை வைத்த மாத்திரத்திலேயே அளவுக்கும் எல்லை வந்துவிடுகிறது. ‘எல்லையற்றது’ என்ற சொல் அதற்குப் பின்னர் வெறும் சொல்தான்.

இனி மார்க்கத்துக்கு வருவோம். அளவு தெரியாத ஒன்றை ஒரே விலைக்கு விற்பது கூடுமா என்ற கேள்வியை அரபுக் கல்லூரியில் உயர் வகுப்பு மாணவர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ‘கரர்’ எனப்படும் நிச்சயமின்மை உள்ள வியாபாரத்தை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறதே, ‘அன்லிமிட்டட்’ அதற்குள் வராதா என்பது அவர்களது வாதம்.

இதற்கு விடை கி.பி. 1277 இல் வபாத்தான இமாம் நவவி (ரஹ்) அவர்கள் அதே ஹதீஸுக்கு எழுதிய விளக்கத்தில் இருப்பதைக் கண்டு நான் வியந்திருக்கிறேன். ஹம்மாம் எனும் பொதுக் குளியலறைக்குள் ஒரு கட்டணம் செலுத்தி நுழைவது கூடும் என்பதில் உலமாக்கள் ஒன்றுபட்டிருக்கிறார்கள் என்று அவர் எடுத்துக்காட்டுகிறார். ஒருவர் இரண்டு வாளி ஊற்றுவார், ஒருவர் இருபது வாளி ஊற்றுவார். ஒருவர் சட்டென்று வெளியே வருவார், ஒருவர் உள்ளேயே இருப்பார். அப்படி இருந்தும் அது கூடும். தண்ணீர் சுமந்து விற்பவனிடம் காசு கொடுத்துக் குடிப்பதும் அப்படியே. எவர் எவ்வளவு குடிப்பார் என்று முன்கூட்டியே தெரியாது. இவை சிறிய நிச்சயமின்மைகள். மக்களின் தேவை கருதி மன்னிக்கப்பட்டவை. அலைவரிசையோ ஜீபீயோ கேள்விப்படாத காலத்தில் ‘அன்லிமிட்டட்’ பெக்கேஜுக்கு ஃபிக்ஹில் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லும்போது மாணவர்கள் சிரித்தார்கள். சிரித்தாலும் விடை அதுதான். அந்தச் சொல்லை நம்பி எல்லையின்றிக் கொடுப்பவன் கொடுத்தால், வாங்குபவன் வாங்கினால், வியாபாரம் கூடும்.

ஆனால் ஹம்மாம்காரன் வாசலில் ‘எவ்வளவும் குளிக்கலாம்’ என்று எழுதி வைத்துவிட்டு, ஐந்தாவது வாளிக்குப் பிறகு சொட்டுச் சொட்டாகத்தான் விடுவேன் என்பதைக் கதவுக்குப் பின்னால் எழுதி வைத்தால்? அது கரர் அல்ல. அதற்கு வேறு பெயர் இருக்கிறது.

மதீனாச் சந்தையில் நடந்த சம்பவம் நாம் எல்லோரும் குத்பாக்களில் கேட்டதுதான். தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்ற நபி (ஸல்) அவர்கள் அதனுள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. என்ன இது என்று கேட்டார்கள். மழை பெய்து நனைந்துவிட்டது என்றான் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவன் தம்மைச் சேர்ந்தவன் அல்லன் என்று கூறினார்கள். அபூஹுரைரா (ரழி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

இதில் நாம் அதிகம் கவனிக்காத ஒன்று உண்டு. அந்த வியாபாரி தானியத்தை நனைக்கவில்லை. நனைத்தது மழை. ஈரம் இருந்ததற்காக அவன் கண்டிக்கப்படவில்லை. ஈரத்தை அடியில் போட்டதற்காகவே கண்டிக்கப்பட்டான். கோபுரத்துக்கு ஓர் எல்லை இருப்பது மழை போல. அதைக் கம்பனிகள் உண்டாக்கவில்லை. விளம்பரப் பலகையில் ஆள் உயர எழுத்தில் ‘அன்லிமிட்டட்’ என்று போட்டு, 60 ஜீபீ என்ற ஈரத்தை எங்கள் உம்மாமார் படிக்காத மொழியில் பதினான்காம் பந்தியில் போடுகிறார்களே, அந்த இடத்தில்தான் குவியல் புரட்டப்படுகிறது.

இந்தக் கேள்வி அமெரிக்காவில் அரசாங்கமே தலையிடும் அளவுக்குப் போனது. ஏடி அண்ட் டீ என்ற பெரிய நிறுவனம் 2007 இல் ஐபோன் வந்த காலத்தில் அளவற்ற டேட்டாத் திட்டத்தை விற்றது. 2010 இல் புதியவர்களுக்கு அதை நிறுத்தி, பழையவர்கள் மட்டும் தொடரலாம் என்றது. 2011 இலிருந்து அந்தப் பழைய வாடிக்கையாளர்கள் மாதத்தில் 2 ஜீபீ அளவைத் தொட்டாலே வேகம் கடுமையாகக் குறைக்கப்பட்டது என்றும், அதை அவர்களுக்கு உரிய முறையில் சொல்லவில்லை என்றும், 35 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர் என்றும் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 2014 ஒக்டோபரில் வழக்குத் தொடுத்தது. ஐந்து வருடம் இழுபட்டு 2019 நவம்பரில் 6 கோடி டொலர் செலுத்த நிறுவனம் உடன்பட்டது. ஆளுக்குப் பங்கிட்டால் 17 டொலர் அளவில்தான் வரும், பணம் பெரிதல்ல. உடன்பாட்டில் இருந்த நிபந்தனையே பெரிது. இனி அளவற்ற டேட்டா என்று விளம்பரம் செய்தால், வேகத்தில் வைக்கும் கட்டுப்பாட்டையும் பளிச்சென்று தெரியும்படி சொல்ல வேண்டும். பொடி எழுத்தில் புதைக்கக் கூடாது. நனைந்த தானியத்தை மேலே வை என்பதைத்தான் அவர்கள் 2019 இல் சட்ட மொழியில் எழுதினார்கள்.

அதற்கு முந்திய வருடம் நடந்தது இன்னும் கவலைக்குரியது. 2018 ஜூலையில் கலிபோர்னியாவின் மென்டோசினோ காட்டுத்தீயை அணைக்கச் சென்ற சான்டா கிளாரா மாவட்டத் தீயணைப்புப் படையின் ஒருங்கிணைப்பு வாகனத்தில் இருந்த இணைப்பின் வேகம், மாதாந்த எல்லையைத் தாண்டியதால் 200 இல் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. அவர்கள் எடுத்திருந்ததும் வெரைசன் நிறுவனத்தின் ‘அளவற்ற’ திட்டம்தான். தீ எரிந்துகொண்டிருக்கும்போது கூடிய விலைத் திட்டத்துக்கு மாறும்படி பதில் வந்ததாகப் படைத் தலைவர் நீதிமன்றத்துக்குக் கொடுத்த பத்திரத்தில் குறிப்பிட்டார். வாடிக்கையாளர் பிரிவில் நடந்த பிழை என்று நிறுவனம் பின்னர் ஒப்புக்கொண்டது. பல வருட அனுபவமுள்ள ஒரு தீயணைப்புப் படைக்கே அந்தச் சொல்லின் அடியில் கிடந்தது விளங்கவில்லையென்றால், எங்கள் மஹல்லாவின் உம்மாவைக் குறை சொல்ல முடியுமா?

நம் நாட்டில் 2021 இன் முற்பகுதியில் இளைஞர்கள் எல்லையற்ற இணையம் வேண்டும் என்று சமூக ஊடகங்களில் குரல் எழுப்பினார்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் அவ்வகைப் பெக்கேஜ்களுக்கு அனுமதி வழங்கியது. அந்தக் குரலில் நியாயம் இருந்தது. 2020 இல் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது வகுப்புகள் எல்லாம் தொலைபேசிக்குள் வந்தன. வகுப்பு நடப்பது காலை 8 மணிக்கு. பெக்கேஜில் பாதி டேட்டா கிடைப்பதோ நள்ளிரவு 12 மணிக்கு. எந்த ஆசிரியர் 12 மணிக்குக் கணிதம் படிப்பிப்பார்? பதுளை மாவட்டம் லுணுகலைப் பக்கத்தில் போஹிட்டியாவ என்ற ஊரில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் சிக்னல் தேடிக் காட்டு வழியே பாறை உச்சிக்கு ஏறியது 2021 இல் உலகச் செய்தியாயிற்று. பாறையில் ஏறினாலும் டேட்டா இருக்க வேண்டுமே. அந்த நாட்களில் ஒரே போனை மூன்று பிள்ளைகள் பங்கிட்ட வீடுகள் எங்கள் ஊரிலும் இருந்தன. எனவே அன்லிமிட்டட் என்றதும் தாய்மார் ஓடிப்போய் வாங்கியதில் ஆச்சரியமில்லை. வந்தவற்றோடும் நியாயமான பாவனைக் கொள்கை ஒட்டிக்கொண்டே வந்தது என்பதைத்தான் பலர் கவனிக்கவில்லை.

மாதம் என்ற சொல்லிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. இந்தியாவில் மாத பெக்கேஜ் என்று பேச்சில் சொல்லப்பட்டவை 28 நாளில் முடிந்துகொண்டிருந்தன. வருடத்துக்கு 12 தடவை என்று நினைப்பவர் 13 தடவை பணம் கட்டினார். 2022 இல் அந்நாட்டின் ஒழுங்குபடுத்தும் அதிகார சபை தலையிட்டு, 30 நாள் திட்டம் ஒன்றும், மாதாமாதம் ஒரே திகதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றும் ஒவ்வொரு கம்பனியும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்றது. மாத வாடகையில் மாதம் 29 ஆகவும் 30 ஆகவும் வரலாம், அது மன்னிக்கப்பட்டது என்று இமாம் நவவி அதே இடத்தில் எழுதுகிறார். பிறை கூட்டிக் குறைப்பது வேறு. மனிதன் கணக்குப் போட்டுக் குறைப்பது வேறு.

இனி அந்த மகனுடைய பழைய வாதத்துக்கு வருவோம். இரவு டேட்டாவைப் பாவிக்காமல் விடுவது இஸ்ராப், வீண்விரயம் என்று அவன் உம்மாவிடம் சொல்லியிருக்கிறான். நம் பிள்ளைகள் மார்க்கச் சட்டத்தைத் தமக்கு வாய்ப்பான இடத்தில் எடுத்துக்கொள்வதில் கெட்டிக்காரர்கள்! டேட்டா சோறல்ல, மிஞ்சினால் ஊசிப்போக. இது ஒரு சேவையை வாடகைக்கு எடுப்பது, அதாவது இஜாரா. ஒரு மாதத்துக்கு வீட்டை வாடகைக்கு எடுத்து, சாவியையும் வாங்கிக்கொண்டு, பத்து நாள் அதில் குடியிருக்காவிட்டால் வாடகை திரும்பி வராது; அதற்காக அந்தப் பத்து நாளும் அங்கே போய்க் காவல் இருக்க வேண்டும் என்று எவரும் சொல்வதில்லை. வீணாவது டேட்டா அல்ல, இரவு. இஷாவுக்கு முன் தூங்குவதையும் இஷாவுக்குப் பின் கதையளப்பதையும் நபி (ஸல்) அவர்கள் வெறுத்ததாக அபூபர்ஸா (ரழி) அறிவிக்கும் செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. இரவின் பின்பகுதி மலிவு விலைக்கு விற்கப்படும் காலத்தில் அதைப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லாவிட்டால் எவர் சொல்வார்? இரவு 10 மணிக்கு ரவுட்டரின் ஆளியை நிறுத்துவது ஒரு தாயின் கையில் இருக்கிறது. பரீட்சைக்குப் பாடம் இறக்க வேண்டுமென்றால், இரவில் தானாக இறங்கும்படி வைத்துவிட்டுத் தூங்கலாம் என்று என் மாணவர் சொல்கிறார்.

மறு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நீதியாக நடந்தவனாக மாட்டேன். ஒரு சகோதரர் வீட்டுக்கென்று எடுத்த அன்லிமிட்டட் இணைப்பை மூன்று அயல் வீடுகளுக்குக் கடவுச்சொல் கொடுத்து, மாதம் இவ்வளவு என்று காசும் வாங்கிக்கொண்டிருந்தார். “அவங்க அன்லிமிட்டட் எண்டுதானே தந்தாங்க மௌலவி” என்றார். ஒரு வீட்டுக்கு என்பதும் அவர் ஒப்புக்கொண்ட நிபந்தனைதான். ஹராமை ஹலாலாக்காத நிபந்தனைகளுக்கு முஸ்லிம்கள் கட்டுப்பட்டவர்கள் என்று ஹதீஸில் வந்திருக்கிறது. கம்பனி தன் வார்த்தையில் நிற்க வேண்டும் என்று கேட்கும் நாம் நம் வார்த்தையில் நிற்காமல் இருக்க முடியாது. அயலவரின் வைஃபையை அவருக்குத் தெரியாமல் எடுப்பதும் இப்படியே. அவருக்கும் ஒரு 60 ஜீபீ இருக்கும்.

அந்த உம்மாவுக்கு நான் சொன்ன பதில் இரண்டு பகுதிகளாக இருந்தது. முதலாவது பணத்தைப் பற்றியது. விற்றவன் கூறிய தன்மை பொருளில் இல்லாவிட்டால் வாங்கியவருக்கு அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை, கியார், ஷாபிஈ மத்ஹபில் உண்டு. கம்பனியிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் திருப்தியில்லையென்றால் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையும் இருக்கிறது. அடுத்த முறை காசு கொடுக்குமுன் கடைக்காரரிடம், எத்தனை ஜீபீக்குப் பிறகு வேகம் குறையும், எவ்வளவுக்குக் குறையும், எப்போது திரும்ப வரும் என்று கேட்டு, அதை எழுதிய இடத்தையும் காட்டச் சொல்லுங்கள் என்றேன். “தெரியாது” என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள். கேட்க வெட்கப்படத் தேவையில்லை. அரிசி வாங்கும்போது மூட்டைக்குள் கையை விட்டுப் பார்ப்பவர்கள்தானே நாம்.

இரண்டாவது பகுதிதான் அவர் உண்மையில் கேட்டது. அதற்கு நான் ஈஸா (அலை) அவர்களின் சம்பவத்தைச் சொன்னேன். ஒருவன் திருடுவதை ஈஸா (அலை) கண்டார்கள். திருடினாயா என்று கேட்க, அல்லாஹ்வின் மீது ஆணையாக இல்லை என்றான் அவன். தாம் அல்லாஹ்வை நம்புவதாகவும் தம் கண்ணைப் பொய்யாக்கிக்கொள்வதாகவும் ஈஸா (அலை) கூறினார்கள். புகாரி, முஸ்லிமில் உள்ள செய்தி இது. கண்ணால் கண்ட நபியே அல்லாஹ்வின் பெயருக்காக இறங்கிப்போனார். நீங்கள் கண்ணால் காணவில்லை. ஒரு கடைப் பையனின் அரை வார்த்தையைத்தான் கேட்டீர்கள். மகன் முன்னர் இரவில் விழித்திருந்தான் என்பது உண்மை. அந்தப் பிழைக்காக இந்தப் பிழையை அவன் தலையில் போட முடியாது.

“அப்ப நான் அவன்கிட்ட மாப்புக் கேக்கணுமா? உம்மா, புள்ளகிட்டயா?” என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, கூச்சம்தான் இருந்தது.

கேட்க வேண்டும் என்றேன். அடியார்களின் உரிமை, ஹக்குல் இபாத், பெற்றோருக்குத் தள்ளுபடியாவதில்லை. பத்ருக் களத்தில் அணியைச் சீர்செய்யும்போது நபி (ஸல்) அவர்களின் கையிலிருந்த அம்பு ஸவாத் (ரழி) என்ற தோழரின் வயிற்றில் பட, அவர் பதிலுக்குப் பதில் கேட்டார். நபியவர்கள் தம் வயிற்றின் ஆடையை விலக்கிக் காட்டினார்கள் என்று ஸீரா நூல்கள் சொல்கின்றன. படைத் தலைவர் படை வீரனுக்கு முன் அப்படி நின்றார். சமையலறையில் வைத்து, மற்றப் பிள்ளைகள் இல்லாத நேரத்தில் சொன்னால் போதும். பொருள் ஒன்றும் கொடுக்கத் தேவையில்லை. போனை மட்டும் அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுங்கள்.

இரண்டு வாரங்களுக்குப் பிறகு மீண்டும் வகுப்பு முடிந்து நின்றார். சொல்லிவிட்டாராம். மகன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, “அடிச்சது பரவால்ல உம்மா. வல்லாஹி எண்டு சொல்லியும் நம்பல்லயே, அதுதான்” என்றானாம். பிறகு அவனே ரவுட்டரைப் பார்க்கும் விதத்தை உம்மாவுக்குப் பழக்கிக் கொடுத்திருக்கிறான். டீவியின் தரத்தையும் குறைத்து வைத்திருக்கிறான். அன்லிமிட்டட்டை விட்டு, இத்தனை ஜீபீ என்று எண்ணிக்கை போட்ட பெக்கேஜ் ஒன்றுக்கு மாறியிருக்கிறார்கள்.

“அது மாசம் முடிய மூணு நாளைக்கு முந்தியே முடிஞ்சிட்டுது ஹஸரத்” என்றார்.

இம்முறை எவர் முடித்தார் என்று கேட்டேன்.

“நான்தான். அவருக்கு அங்க லீவு கிடைச்சி, வெள்ளிக்கிழமை முழுக்க வீடியோல பேசிட்டு இருந்தோம்” என்றார் திரைக்கு அப்பால் இருந்து, சிரித்துக்கொண்டு.